பனிக்கு ஒன்றை அழுத்தவும்

பனிக்கு ஒன்றை அழுத்தவும்.
பூங்கா, நீச்சல்குளம், சறுக்கு வகுப்புக்கு இரண்டு.
எதை அழுத்தினாலும்
இந்த ஒரே மேசையில்தான் மணி அடிக்கும்.
மானிட்டோபாவின் இந்தச் சிற்றூருக்கு
இரவில் இன்னொரு ஆள் கட்டுப்படியாகாதாம்.
பதினொன்று முதல் ஏழு வரை
நானே பனி, நானே பூங்கா.

முதலில் மருத்துவமனைச் சாலை,
பிறகு பள்ளிப் பேருந்து போகும் தெருக்கள்,
கடைசியில்தான் முட்டுச்சந்துகள்.
விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
அழைக்கிற யாரும்
முட்டுச்சந்தில் குடியிருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை.

"இப்போதுதான் வாசலை வழித்துவிட்டு உள்ளே வந்தேன்.
உங்கள் வண்டி வந்து
இடுப்பளவுக்கு வரப்பு கட்டிவிட்டுப் போகிறது!"
குறித்துக்கொள்கிறேன்:
தெரு, நேரம், வரப்பின் உயரம்.
கோபத்தின் உயரத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

திரையில் மூன்று நீலப் புள்ளிகள் ஊர்கின்றன.
இரண்டு பனி தள்ளும். ஒன்று மணல் தூவும்.
மைனஸ் முப்பதில் உப்பு
சும்மா உட்கார்ந்திருக்கும், மாமியார் வீட்டு மாப்பிள்ளை போல.

நான்காம் எண் வண்டி,
ரொடேலியோ மக்காராயெக் ஓட்டுவது,
ஜனவரி ஒன்பது, அதிகாலை மூன்று ஐம்பதுக்கு
பிர்ச் பூங்கா ஓரம் நின்றது.
இருபத்திரண்டு நிமிடம்.
மறுநாளும் அதே இடம்.
கண் அயர்ந்திருப்பார் என்று நினைத்தேன்.
"ஹைட்ராலிக் எண்ணெய் சோதனை" என்று பதிவேட்டில் எழுதினேன்.
எண்ணெய் பாவம்,
எந்தப் பழியையும் தாங்கும்.

மூன்றாம் இரவு திருமதி தோருன் ஹால்டர்சன் அழைத்தார்,
இரண்டை அழுத்தி.
"பத்து மணிக்கே விளக்கணைத்த மைதானம்.
ஐஸ் மேல் ஒரு ஆள்.
வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு சறுக்குகிறார்.
அந்த ஆரஞ்சு வெளிச்சம்
என் படுக்கையறைச் சுவரைச் சுற்றிச் சுற்றி வருகிறது."

நான் கேட்டிருக்க வேண்டியது வீட்டு எண்.
கேட்டது:
"நன்றாகச் சறுக்குகிறாரா?"

மறுமுனையில் திரைச்சீலை விலகும் சத்தம்.
"இல்லை.
இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் விழுகிறார்."

நவம்பரில் நானே போட்ட ரசீது இழுப்பறையில் இருந்தது.
பெரியவர்களுக்கான தொடக்கநிலைச் சறுக்கு, செவ்வாய் மாலை.
ஆறு பேராவது சேர வேண்டும். சேர்ந்தவர் ஒருவர்.
வகுப்பு ரத்து. அறுபத்து நான்கு டாலர் திருப்பித் தரப்பட்டது.
பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"பதினோரு குளிர்காலமாக இந்த ஊர்ப் பனியைத் தள்ளுகிறேன்.
அதன்மேல் நிற்கத்தான் தெரியவில்லை."
நான் முத்திரை குத்தினேன்.

அதன்பின் தினமும் அழைத்தார் ஹால்டர்சன்.
புகார் போலவே ஆரம்பிப்பார்.
"முழங்காலை மடக்காமல் விறைப்பாக நிற்கிறார்,
தந்திக்கம்பம் மாதிரி.
யாராவது சொல்லக் கூடாதா?"

வானொலிப் பேச்சு முழுவதும் பதிவாகும்.
அதனால் சுருக்கமாகச் சொன்னேன்:
"நான்காம் எண், முழங்கால்."
இரைச்சல்.
நீண்ட இரைச்சல்.
"...புரிந்தது."

பிப்ரவரியில் இரண்டு புயல்கள்.
பூங்காவில் ஒரு புள்ளியும் நிற்கவில்லை.
தெருக்கள் போதும் போதும் என்றன,
தொலைபேசி போதாது என்றது.

மார்ச் பதினொன்று.
கூரை விளிம்பில் சொட்டத் தொடங்கிவிட்டது.
இன்னும் இரண்டு நாளில்
மைதானத்தைப் பூட்டி அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்.
நாலு மணி ஐந்து நிமிடம்.

"திரும்பிவிட்டார்" என்றார்.
"எங்கே?"
"இடப்பக்கம்தான், வேறெங்கே!
இதோ, மறுபடியும்."

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவர் ஜன்னலைப் பார்த்திருப்பார்.
நான்
அசையாத ஒரு நீலப் புள்ளியைப் பார்த்தேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"சரி, என் வாசலில் போட்ட வரப்புக்கு வருவோம்.
இடுப்பளவு. நான் சும்மா விடப் போவதில்லை."

தெரு: பிர்ச்.
நேரம்: நாலு பத்து.
உயரம்: முழங்கால் என்று எழுதினேன்.